லுட்விக் மீஸ் வான் டெர் ரோ

லுட்விக் மீஸ் வான் டெர் ரோ (மார்ச் 27, 1886 - ஆகஸ்ட் 17, 1969) ஒரு ஜெர்மானிய-அமெரிக்கக் கட்டிடக்கலைஞர் ஆவார். ஆகன் நகரில் கல்தச்சர் ஒருவரின் மகனாகப் பிறந்த இவர், கட்டிடக்கலையில் முறையான கல்லூரிக் கல்வி பெறவில்லை. 1930 முதல் 1933 வரை பௌஹவுஸ் பள்ளியின் இயக்குனராக இருந்தார். 1938ல் சிக்காகோவில் குடியேறினார்.

கிரீன்வால்டுடன் கூட்டு

கண்ணாடியாலான வானளாவிகளை இவர் 1920களின் தொடக்கத்திலேயே பெர்லினில் வரைந்திருந்தார். அவை தாளிலேயே நின்றுவிட்டன. கட்டிட முதலீட்டாளரான ஹெர்பர்ட் கிரீன்வால்டை 1946ல் சந்தித்த பின்னரே நிலைமை மாறியது. அப்போது மீசுக்கு வயது 60. மெய்யியல் பயின்றவரான கிரீன்வால்டோ 30 வயதையொட்டிய இளைஞர்.

இவர்களது முதற் கட்டிடமான புரோமொண்டரி அடுக்குமாடிக் குடியிருப்பு (1949), உருக்குத் தட்டுப்பாட்டினால் காங்கிரீட்டில் எழுப்பப்பட்டது. 1951ல் மிச்சிகன் ஏரிக்கரையில் லேக் சோர் டிரைவ் 860-880 எனப்படும் 26 மாடி இரட்டைக் கோபுரங்கள் நிறைவுற்றன. தீப்பாதுகாப்பு விதிகளின்படி உருக்குச் சட்டகத்தைக் காங்கிரீட்டால் மூடவேண்டியிருந்தது. மறைந்த சட்டகத்தை உணர்த்தும் பொருட்டு, மீஸ் முகப்பில் ஐ-பீம்களைப் பொருத்தினார். இவை கட்டிடத்தின் சுமையைத் தாங்குவன அல்ல. அமைப்பின் நேர்மையை வலியுறுத்திய ஒருவர் இவ்வாறு செய்தது முரணாகவே தோன்றும். எனினும் பிற்கால அலுவலகக் கோபுரங்கள் பலவும் பின்பற்றியது இம்முகப்பையே.

பிப்ரவரி 3, 1959ல் நியூயார்க்கில் நிகழ்ந்த விமான விபத்தில் கிரீன்வால்ட் தமது 43ஆம் வயதில் இறந்தார். மீசின் அலுவலகத்தில் ஊழியர் பலரைக் குறைக்க நேர்ந்தது. டிட்ராயிட் நகரில் இருவரும் தொடங்கிய லஃபயெட் பார்க் குடியிருப்புத் திட்டத்தின் பிற்பகுதிகள் பல வேறு கட்டிடக்கலைஞர்களிடம் சென்றன.