மேட்டை வென்ற மங்கை பெர்த்தா பென்ஸ்

மோட்டார் காரைக் கண்டுபிடித்தவர் யார் என்று பொது அறிவுப் போட்டியில் கேட்டால், கார்ல் பென்ஸ் என்று நாம் தயங்காமல் எழுதிவிடுவோம். முழு மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். அந்தக் காரை முதன்முதலில் நெடுந்தூரம் கொண்டு சென்று, அதன் குறைகளை வழியிலேயே கண்டு, வழியிலேயே சரிசெய்து, வீடு திரும்பியதும் மேடேற இன்னொரு கியர் வேண்டும் என்று கேட்டவர் யார் என்ற கேள்வி நாம் எழுதிய எந்தப் போட்டியிலும் வந்ததில்லை. அவர்தான் பெர்த்தா பென்ஸ் அம்மையார். கார்ல் பென்ஸ் அவர்களின் துணைவியார்.

ஜெர்மனியின் தென்மேற்கே, கறுப்புக் காடு என்னும் மலைப்பகுதியின் வடக்கு ஓரத்தில் ஃபோர்ட்ஸ்ஹைம் என்ற ஊர் உள்ளது. தங்க நகை வேலைக்குப் பெயர்பெற்ற ஊர் அது. அங்கே 1849-ஆம் ஆண்டு மே மாதம் 3-ஆம் நாள், கட்டட வேலையில் பொருள் ஈட்டிய ரிங்கர் என்பவரின் மகளாகப் பெர்த்தா பிறந்தார். குழந்தை பிறந்த நாளைக் குடும்ப விவிலியத்தில் குறித்து வைப்பது அந்நாட்டு வழக்கம். பெர்த்தா பிறந்த நாளைக் குறித்த தந்தை, இம்முறையும் பெண்ணாகப் போய்விட்டதே என்ற வருத்தத்தையும் சேர்த்து எழுதிவிட்டாராம். சிறுமி பின்னாளில் அதைப் படித்து மனம் நொந்தாள் என்று சொல்வார்கள். ஜெர்மனியிலுமா என்று நமக்கு வியப்பாகத்தான் இருக்கிறது! தாம் எழுதியதை அந்தத் தந்தை பிற்காலத்தில் நினைத்துப் பார்த்திருப்பாரா?

பெர்த்தா தம் ஊரிலிருந்த பெண்கள் உயர்பள்ளியில் படித்தார். அவருடைய ஆர்வமெல்லாம் இயந்திரங்களின் மேல்தான். அதற்கு மேற்படிப்புப் படிக்க வழியில்லை. பாடன் மாநிலப் பல்கலைக்கழகங்கள் பெண்களை முறைப்படி மாணவியராகச் சேர்த்துக்கொண்டது 1900-ஆம் ஆண்டில்தான். அப்போது பெர்த்தாவுக்கு வயது ஐம்பது!

1869-இல் ஓர் உல்லாசப் பயணத்தில் கார்ல் பென்ஸ் என்ற இளைஞரை அவர் சந்தித்தார். இரண்டு வயதிலேயே தந்தையை இழந்து, தாயின் உழைப்பால் கார்ல்ஸ்ரூகே நகரில் பொறியியல் படித்தவர் கார்ல். கையில் காசு கிடையாது. குதிரையில்லாமல் ஓடும் வண்டி என்ற கனவு மட்டும் உண்டு. 1871-இல் அவர் மான்ஹைம் நகரில் ஆகஸ்ட் ரிட்டர் என்பவரோடு கூட்டுச் சேர்ந்து பட்டறை தொடங்கினார். கூட்டாளி நம்பத்தக்கவராக இல்லை. பட்டறை மூழ்கும் நிலை வந்தது. அப்போது பெர்த்தா என்ன செய்தார் தெரியுமா? திருமணத்துக்கு முன்பே தம் சீதனப் பணத்தைத் தந்தையிடம் கேட்டு வாங்கி, அந்தக் கூட்டாளியின் பங்கை விலைக்கு வாங்கச் செய்தார். சீதனம் என்றால் நமக்குக் கசப்பான செய்திகளே நினைவுக்கு வரும். இங்கே மணப்பெண் தன் சீதனத்தை எங்கே போடுவது என்பதைத் தானே தீர்மானித்திருக்கிறாள்.

1872 ஜூலை 20-ஆம் நாள் இருவருக்கும் திருமணம் நடந்தது. அக்காலச் சட்டப்படி, மணமான பெண் தன் பெயரில் தொழில் முதலீடு வைத்துக்கொள்ள இயலாது. ஆகவே பணம் அவருடையதாக இருந்தும் பட்டறையின் ஏடுகளில் அவருக்கு இடமில்லாமல் போயிற்று. இதை நாம் சற்று அழுத்தியே எழுதுகிறோம்.

அதன்பின் வறுமையின் ஆண்டுகள். பிள்ளைகள் ஒருவர்பின் ஒருவராகப் பிறந்தார்கள். கடன் கழுத்தை நெரித்தது. 1879-ஆம் ஆண்டின் கடைசி இரவில், உணவு முடிந்ததும் பெர்த்தாதான் கணவரை மீண்டும் ஒருமுறை பட்டறைக்கு அழைத்தார். அதுவரை முரண்டு பிடித்த எஞ்சின் அன்றிரவு நிற்காமல் ஓடியது. 1886 ஜனவரி 29-ஆம் நாள் கார்ல் பென்ஸ் தம் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை விண்ணப்பம் கொடுத்தார். காப்புரிமை அவர் பெயரில் மட்டுமே.

காப்புரிமை கிடைத்தும் வாங்குவார் இல்லை. ஊரார் வேடிக்கை பார்த்தார்கள், சிரித்தார்கள், போய்விட்டார்கள். கார்ல் எதையும் நூறு முறை திருத்துபவர். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று வண்டியைப் பட்டறைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். வண்டி வெளியே போகாத வரையில் அதற்கு என்ன வரும், என்ன வராது என்று யாருக்குத் தெரியும்? பெர்த்தா அம்மையார் ஒரு முடிவுக்கு வந்தார்.

1888-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், பள்ளி விடுமுறை. விடியற்காலையில் கணவர் உறங்கிக்கொண்டிருக்க, 15 வயது மகன் யூஜென், 13 வயது மகன் ரிச்சர்டு ஆகியோருடன் அம்மையார் வண்டியை ஓசைப்படாமல் வெளியே தள்ளினார். பாட்டி வீட்டுக்குப் போகிறோம் என்பதுதான் காரணம். ஃபோர்ட்ஸ்ஹைம் அங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர். அதற்கு முன் எந்த மோட்டார் வண்டியும் அவ்வளவு தூரம் சென்றதில்லை. யூஜெனின் வயதுதான் நமக்கும். நம்மை இப்படி யாராவது அழைத்தால் போவோமா என்று எண்ணிப் பார்த்தோம். போவோம் என்றுதான் தோன்றுகிறது!

வண்டியின் அமைப்பைச் சொன்னால்தான் பின்னால் வரும் தொல்லைகள் விளங்கும். பின்புறத்தில் படுக்கைவாக்கில் ஒரே ஒரு சிலிண்டர். சுமார் 2 குதிரைத்திறன். எஞ்சினின் சுழற்சி ஒரு தோல் பட்டையின் வழியாகக் குறுக்குத் தண்டுக்குப் போகும். அங்கிருந்து சைக்கிளில் உள்ளதுபோலச் சங்கிலிகள் பின் சக்கரங்களைச் சுழற்றும். நெம்புகோலை முன்னே தள்ளினால் தோல் பட்டை, சும்மா சுழலும் கப்பியிலிருந்து வேலை செய்யும் கப்பிக்கு நகரும்; வண்டி கிளம்பும். அக்கால கியர் அமைப்பு இவ்வளவுதான்.

முதலில் தீர்ந்தது எரிபொருள். அன்று பெட்ரோல் நிலையம் ஏது? லிக்ரோயின் என்ற ஒரு திரவம், கறை போக்குவதற்காக மருந்துக் கடைகளில் விற்கப்பட்டது. வீஸ்லோக் என்ற ஊரின் மருந்துக் கடையில் அம்மையார் அதை வாங்கி ஊற்றினார். உலகின் முதல் பெட்ரோல் நிலையம் என்ற பெருமை இன்றும் அந்தக் கடைக்கே. தண்ணீர்த் தொல்லை வேறு. எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் ஆவியாகிக்கொண்டே இருந்ததால், ஊர் கண்ட இடமெல்லாம் நிறுத்தி நீர் ஊற்ற வேண்டியிருந்தது.

அடுத்து எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. அம்மையார் தம் தொப்பியில் செருகியிருந்த நீண்ட ஊசியை எடுத்துக் குத்தினார், அடைப்பு நீங்கியது. பம்ப் ஸ்டவ் அடைத்தால் நம் பாட்டிமார் பின் குத்துவார்களே, அதே கைவேலைதான். தீப்பொறிக் கம்பியின் மேலுறை தேய்ந்தபோது, காலுறையை இறுக்கும் நாடாவைக் கழற்றி அதன்மேல் சுற்றினார். புரூக்ஸால் என்ற ஊரில் சங்கிலி தொல்லை கொடுக்கவே கொல்லர் ஒருவரைக் கொண்டு சரிசெய்தார்.

இவையெல்லாம் சிறு தொல்லைகள். பெரிய தொல்லை மேடுதான். ஃபோர்ட்ஸ்ஹைமை நெருங்க நெருங்கப் பாதை மலைப்பாங்காயிற்று. சமவெளியில் ஓடிய எஞ்சின் மேட்டில் திணறியது. பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். அம்மையாரும் தள்ளினார். சரி, இறக்கத்திலாவது நிம்மதி உண்டா என்றால், மரத்தாலான பிரேக் கட்டைகள் தேய்ந்து போயிருந்தன. பௌஷ்லோட் என்ற சிற்றூரில் செருப்புத் தைப்பவர் ஒருவரிடம் சென்று, கட்டைகளின்மேல் தோல் வைத்து ஆணியடிக்கச் சொன்னார். பிரேக் லைனிங் என்று இன்று நாம் சொல்லும் பொருள் அன்றைக்குப் பிறந்தது. இருட்டிய பிறகு தாய்வீடு சேர்ந்து, கணவருக்குத் தந்தி கொடுத்தார்.

சில நாட்கள் கழித்து அதே வண்டியில் மான்ஹைம் திரும்பியதும், கண்ட குறைகளை ஒவ்வொன்றாகக் கணவரிடம் சொன்னார். பிரேக்குக்குத் தோல் வேண்டும். மேடேற இன்னொரு கியர் வேண்டும். கார்ல் பென்ஸ் மறுக்கவில்லை. மேட்டுக்கென்று ஒரு கியரைச் சேர்த்தார்.

அந்தக் கியர் என்ன செய்யும்? கியர் இல்லாத சைக்கிளில் மேடு வந்தால் நாம் இறங்கித் தள்ளுகிறோம் அல்லவா? நம் கால்களின் வலு குறையவில்லை. மேட்டுக்கு அது போதவில்லை. எஞ்சினுக்கும் அதே கதிதான். தாழ்ந்த கியரில் எஞ்சின் பல முறை சுழன்று சக்கரத்தை ஒரு முறை சுழற்றும். வேகம் குறையும், இழுவிசை பெருகும். வகுப்பில் நெம்புகோல் பாடம் படித்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

பெர்த்தா அம்மையார் கேட்ட இந்த ஒன்றிலிருந்து வளர்ந்த கிளைகள் பல. 1939-இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் ஹைட்ராமாட்டிக் என்ற அமைப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்றைய விளையாட்டுக் கார்களில் எட்டு, பத்து கியர்கள் கொண்ட தானியங்கி அமைப்புகள் உள்ளன. அம்மையார் சந்தித்தது போதாத வலு. இக்கார்களின் சிக்கலோ நேர்மாறானது. எட்டு சிலிண்டர்களின் வலு சமவெளியில் மிகுதி. எனவே சிலவற்றில் பாதி சிலிண்டர்களை உறங்க வைக்கிறார்கள். அவற்றின் வால்வுகள் மூடியே இருக்கும், எரிபொருள் போகாது. மேடு வந்தாலும் விரைவு வேண்டினாலும் எட்டும் விழித்துக்கொள்ளும். 2014-ஆம் ஆண்டின் ஷெவர்லே கார்வெட் காரில் இம்முறை இடம்பெற்றது.

கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. சாலையில் என்ன ஆயிற்று? 1981-இல் காடிலாக் என்ற கார், எட்டு சிலிண்டரை ஆறாகவும் நான்காகவும் குறைத்துக்கொள்ளும் எஞ்சினுடன் வந்தது. அதை இயக்கிய சிறு கணினி ஓட்டத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. வண்டி உதறியது, தடுமாறியது. பலர் அந்த அமைப்பின் கம்பியையே கழற்றச் செய்து, எந்நேரமும் எட்டு சிலிண்டரிலேயே ஓட்டினார்கள். பெரும்பாலான காடிலாக் கார்களில் அந்த எஞ்சின் ஓராண்டோடு நின்றது. பிற்காலத்தில் கணினிகள் விரைவானவை ஆனதும் முறை மீண்டும் வந்தது. தொல்லை முற்றிலும் தீர்ந்தபாடில்லை. வால்வைத் தூக்கும் லிஃப்டர் என்ற உறுப்பை எண்ணெய் அழுத்தத்தால் அடக்குகிறார்கள். எண்ணெய் அழுக்கேறினால் அது சிக்கிக்கொள்ளும். காலந்தவறாமல் எண்ணெய் மாற்றுவதே அதற்குக் காப்பு. பட்டறையில் தேறிய பொருள் சாலையில் தவறுவது 1888-லும் நடந்தது, 1981-லும் நடந்தது. பட்டறைக்கும் சாலைக்கும் நடுவே முதலில் போய்வந்தவர், தொப்பி ஊசியோடு புறப்பட்ட ஒரு தாய்.

அப்பயணத்தின் செய்தி ஊர் ஊராகப் பரவியது. அடுத்த மாதமே மியூனிக் கண்காட்சியில் பென்ஸ் வண்டி தங்கப் பதக்கம் பெற்றது. பாரிஸிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் வாங்குவோர் வரலாயினர். 1899-ஆம் ஆண்டில் 572 வண்டிகள் செய்த பென்ஸ் தொழிற்சாலையே உலகின் மிகப் பெரிய மோட்டார் வண்டித் தொழிற்சாலையாக விளங்கிற்று. பின்னர்க் கார்ல் அந்நிறுவனத்தின் பொறுப்பிலிருந்து விலகி, 1906-இல் லாடன்பர்க் என்ற சிற்றூரில் புதல்வர்களுக்காக வேறொரு தொழிற்சாலை தொடங்கினார். குடும்பமும் அங்கேயே குடியேறியது.

1925-இல் கார்ல் பென்ஸ் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். வாழ்க்கைப் படகு கவிழப் பார்த்த நாட்களில் தம்மோடு நின்றவர் ஒருவர் மட்டுமே என்றும், அவர் தம் மனைவி என்றும் அதில் மனமார ஒப்புக்கொண்டார். ஏடுகளில் இல்லாத பெயரைக் கணவரே எழுதிவைத்தது நமக்கு மிகுந்த நிறைவைத் தருகிறது. நான்கு ஆண்டுகளில், 1929 ஏப்ரல் 4-ஆம் நாள், கார்ல் காலமானார்.

அம்மையார் அதன்பின் பதினைந்து ஆண்டுகள் வாழ்ந்தார். அவர் சென்ற பாதை 2008-இல் பெர்த்தா பென்ஸ் நினைவுப் பாதை என்று அடையாளப் பலகைகளுடன் அறிவிக்கப்பட்டது. வீஸ்லோக் மருந்துக் கடையும் அதன் வழியில்தான் உள்ளது. இதைக் காண அவர் இல்லை. ஆனால் ஒரு சிறப்பை மட்டும் கண்டார். 1944 மே 3-ஆம் நாள், அவருடைய 95-ஆம் பிறந்தநாளில், கணவர் படித்த அதே கார்ல்ஸ்ரூகே தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ செனட்டர் என்ற பட்டத்தை வழங்கியது. அதற்கு இரண்டாம் நாள், மே 5-ஆம் தேதி, லாடன்பர்க் இல்லத்தில் அவர் உயிர் பிரிந்தது. அவ்வூர்க் கல்லறையில் கணவரோடு அவர் துயில்கிறார்.