வெயில் காலத்தில் பாடிய கிறிஸ்துமஸ் பாட்டு

நம்ம சுவர்ப் பத்திரிகையில் விஞ்ஞானிகள், தலைவர்கள் வரலாறுதான் நிறைய வருகிறது. இந்த முறை நான் ஒரு பாட்டுக்காரரைப் பற்றி எழுதுகிறேன். அவர் பெயர் நாட் கிங் கோல். அமெரிக்கா நாட்டுக்காரர். அவர் இறந்து 60 வருடம் தாண்டிவிட்டது. ஆனாலும் டிசம்பர் மாதம் வந்தால் அந்த நாட்டில் கடைகளிலும் வீடுகளிலும் ரேடியோவிலும் அவர் குரல் கேட்கும். அவர் பாடிய பாட்டுக்குப் பெயரே ‘தி கிறிஸ்துமஸ் ஸாங்’. எங்க சித்தி செல்போனில் அதைப் போட்டுக் காட்டினாங்க. வார்த்தை பாதி எனக்குப் புரியலை. ஆனா குளிர்ற ராத்திரியில் யாரோ போர்வையை இழுத்துப் போத்திவிட்ட மாதிரி இருந்தது அந்தக் குரல்.

இவர் 1919 மார்ச் 17 அன்று அலபாமா மாநிலத்தில் மாண்ட்கோமரி என்ற ஊரில் பிறந்தார். இயற்பெயர் நதானியேல் ஆடம்ஸ் கோல்ஸ். தந்தையார் எட்வர்ட் பாப்டிஸ்ட் சபையில் போதகர். தாயார் பெர்லினா சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவர். அவங்கதான் இவருக்கு முதல் டீச்சர். அந்தக் காலத்தில் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களுக்குப் பள்ளிக்கூடம், ரயில் பெட்டி, தண்ணீர்க் குழாய் எல்லாமே தனி. இவருக்கு நாலு வயது ஆனபோது குடும்பத்தோடு வடக்கே சிகாகோ நகரத்துக்குப் போய்விட்டார்கள். அந்த நாலு வயசிலேயே வாழைப்பழத்தைப் பற்றிய ஒரு வேடிக்கைப் பாட்டை ஆள்கூட்டத்துக்கு முன்னால் பாடினாராம். பிறகு அப்பாவின் சர்ச்சிலேயே ஆர்கன் வாசித்தார்.

1937-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் மூன்று பேர் கொண்ட குழு ஆரம்பித்தார். இவர் பியானோ, ஒருவர் கிட்டார், ஒருவர் பெரிய பேஸ் வாத்தியம். டிரம்ஸ் கிடையாது. இங்கிலீஷ் ரைம்ஸில் ஓல்ட் கிங் கோல் என்று ஒரு ராஜா வருவார் இல்லையா, அதை வைத்துத்தான் கிங் என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. கோல்ஸ் என்ற பெயரின் கடைசி ‘எஸ்’ எழுத்தை இவரே எடுத்துவிட்டார். (இந்த ‘எஸ்’ பின்னால் இன்னொரு இடத்தில் வரும், ஞாபகம் வச்சுக்கோங்க.) முதலில் இவர் பெரிய பியானோக்காரர் என்றுதான் பேர் வாங்கினார். பாட்டு அப்புறம்தான். 1943-இல் பாடிய ஒரு பாட்டு ரொம்பப் பிரபலமானது. ஒரு கழுகும் குரங்கும் வானத்தில் போகிற கதை அது. அவர் அப்பா பிரசங்கத்தில் சொன்ன கதையாம்!

இப்போது கிறிஸ்துமஸ் பாட்டுக்கு வருகிறேன். அதை எழுதியவர் இவர் இல்லை. 1945-ஆம் வருடம் ஜூலை மாதம், கலிபோர்னியாவில் கொளுத்துகிற வெயில். பாப் வெல்ஸ் என்பவர் புழுக்கம் தாங்காமல், குளிரை நினைத்தாலாவது குளிருமா என்று, பனிக்காலத்தைப் பற்றி நாலு வரி நோட்டில் எழுதி பியானோ மேல் வைத்திருந்தார். அவர் நண்பர் மெல் டார்மே வந்து பார்த்தார். பாட்டாகவே ஆக்கிவிடலாம் என்று இருவரும் உட்கார்ந்தார்கள். முக்கால் மணி நேரத்துக்குள் பாட்டு முடிந்துவிட்டது. எனக்கு ஒரு கட்டுரை எழுதவே ரெண்டு நாள் ஆகுது! பாட்டை நாட் கிங் கோலிடம் கொண்டுபோனார்கள். அவருக்கு உடனே பிடித்துவிட்டது.

1946 ஜூன் 14 அன்று நியூயார்க்கில் ரிக்கார்டிங் நடந்தது. கிறிஸ்துமஸ் பாட்டை ஏன் வெயில் காலத்தில் பாடணும்? காரணம் இருக்கிறது. பாடியதை அச்சு எடுத்து, ஆயிரக்கணக்கில் இசைத்தட்டு போட்டு, ஊர் ஊராகக் கடைக்கு அனுப்ப மாசக்கணக்கில் ஆகும். அப்போது டேப்பில் வெட்டி ஒட்டுகிற வசதியும் வரவில்லை. பாடப் பாட நேராகத் தட்டிலேயே கோடு விழும். கடைசி வரியில் ஒருத்தர் இருமினாலும் முதலிலிருந்து பாட வேண்டியதுதான். வெளியே ஜூன் மாத வெயில், உள்ளே உறைபனிப் பாட்டு. நினைச்சுப் பாருங்க.

ஆனால் அவருக்கு மூன்று வாத்தியம் மட்டும் போதவில்லை. வயலின்கள் சேர்த்து மறுபடி பாடணும் என்றார். கேபிடல் கம்பெனிக்காரர்கள் வேண்டாம் என்றார்கள். இவர் விடவில்லை. ஆகஸ்ட் 19 அன்று, அதுவும் வெயில் காலம்தான், மறுபடி பாடினார். அந்தத் தட்டுதான் வெளியே வந்து வீடு வீடாகப் போனது. அதில் ஒரு தப்பு இருக்கிறது. ரெயின்டீர் என்ற மானுக்கு இங்கிலீஷில் பன்மையிலும் ‘எஸ்’ வராது. இவர் ‘எஸ்’ சேர்த்துப் பாடிவிட்டார்! தன் பெயரில் எடுத்ததை இங்கே சேர்த்துட்டார் போல. 1953-இல் திரும்பப் பாடியபோது சரி செய்தார். அதுவும் ஆகஸ்ட் மாதம்.

அடுத்த பகுதியை எழுதும்போது எனக்குக் கோபமா வந்தது. 1948-இல் திருமணம் முடிந்து, லாஸ் ஏஞ்சல்ஸில் ஹான்காக் பார்க் என்ற இடத்தில் வீடு வாங்கினார். அது வெள்ளைக்காரர்கள் மட்டும் குடியிருந்த தெரு. கறுப்பினத்தாருக்கு வீடு விற்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். அந்த வருடம் மே மாதம்தான் அமெரிக்க சுப்ரீம் கோர்ட், அப்படி எழுதினதை எந்தக் கோர்ட்டும் அமல்படுத்தக் கூடாது என்று தீர்ப்புச் சொல்லியிருந்தது. அக்கம்பக்கத்தார் கூட்டம் போட்டு, வேண்டாத ஆட்கள் இங்கே வரக் கூடாது என்றார்கள். எனக்கும் அதுதான் விருப்பம், அப்படி யாராவது வந்தால் முதல் புகார் நானே கொடுக்கிறேன் என்று இவர் பதில் சொன்னார். இவருடைய நாய்க்கு விஷம் வைத்தார்கள். புல்தரையில் இனத்தைத் திட்டும் வார்த்தையை எரித்து வைத்தார்கள். அவர் வீட்டைக் காலி பண்ணவில்லை. பிள்ளைகள் அங்கேதான் வளர்ந்தார்கள். அந்தத் தெருக்காரங்க வீட்டிலும் டிசம்பரில் இவர் தட்டுதானே ஓடியிருக்கும்? ஓடும்போது ஜன்னலைத் திறந்து வச்சிருப்பாங்களா, சாத்தியிருப்பாங்களா?

1956 ஏப்ரல் 10, பிறந்த அதே அலபாமாவில் பர்மிங்ஹாம் நகரத்தில் வெள்ளைக்காரர்களுக்காக ஒரு கச்சேரி. பாடிக்கொண்டிருக்கும்போதே சிலர் மேடையில் ஏறி அவரைத் தள்ளி விழ வைத்தார்கள். முதுகில் அடி. போலீசார் பிடித்துவிட்டார்கள். இதில் இன்னொரு வேதனை, தனித்தனியாக உட்கார வைக்கும் அரங்கில் ஏன் பாடினாய் என்று அவருடைய சொந்த மக்களே அவரைக் கண்டித்தார்கள். எங்க வீட்டில் இதைப் பற்றி வாக்குவாதமே நடந்தது. அவங்க கேட்டது சரி என்றார் அண்ணன். அடிபட்டு வந்தவரிடம் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டாம் என்பது என் கருத்து. அவரும் யோசித்திருக்க வேண்டும். கறுப்பினத்தார் உரிமைக்காகப் போராடிய என்.ஏ.ஏ.சி.பி. சங்கத்தில் ஆயுள் உறுப்பினர் ஆனார். தென் மாநிலங்களில் மறுபடி பாடவே இல்லை.

அதே வருடம் நவம்பர் 5-இல் அவர் பெயரிலேயே டி.வி. நிகழ்ச்சி தொடங்கியது. பல ஊர்களில் பார்த்தார்கள். நண்பர்களான பெரிய பாடகர்கள் குறைந்த பணத்துக்கு வந்து பாடினார்கள். ஆனால் நாடு முழுவதற்கும் விளம்பரம் கொடுக்க எந்தக் கம்பெனியும் முன்வரவில்லை. தெற்கே வெள்ளைக்காரர்கள் சாமான் வாங்க மாட்டார்கள் என்று பயம். அவரே நிறுத்திக்கொண்டார். கடைசி நிகழ்ச்சி 1957 டிசம்பர் 17. கிறிஸ்துமஸுக்கு எட்டு நாள்தான் இருந்தது.

அந்தப் பாட்டை 1961 மார்ச்சில் நாலாவது தடவையாகப் பாடினார். இப்போது நாம் கேட்பது அதுதான். ஓயாமல் சிகரெட் பிடிப்பார். குரல் நன்றாக இருக்கும் என்று அதை நம்பினாராம். நுரையீரல் புற்றுநோய் வந்து 1965 பிப்ரவரி 15 அன்று காலமானார். வயது 45. அவர் மகள் நட்டாலி கோலும் பாடகி ஆனார். 1991-இல் அப்பாவின் பழைய பதிவோடு தன் குரலைச் சேர்த்து ஒரே பாட்டாக வெளியிட்டார். கிறிஸ்துமஸ் பாட்டு 2023 ஜனவரியில் அமெரிக்காவின் பாட்டு வரிசையில் 9-ஆவது இடத்துக்கு வந்தது. அவர் பாடி 61 வருடம் கழித்து!

- ஒன்பதாம் வகுப்பு மாணவி