ஜே. பி. எஸ். ஹால்டேன்

கடலூர், சிதம்பரம் முதலிய ஊர்ப்புறங்களில் நெடுநாள் மூடிக்கிடந்த கிணற்றைத் தூர்வாரப் புகுவோர், முதலில் ஒரு விளக்கைக் கயிற்றிற் கட்டி இறக்கிப் பார்த்தல் முதியோர் கற்பித்த முறையாகும். விளக்கு அவியின் மனிதர் இறங்குதல் கூடாது. இதனை மறந்து இறங்கியவனும், அவனை மீட்கப் பாய்ந்தவனும் ஒருங்கே மாண்ட செய்தியை இன்றும் கேட்கின்றோம். இக்கேட்டின் காரணத்தைத் தம் உடம்பையே கருவியாகக் கொண்டு ஆராய்ந்தோர் ஹால்டேன் என்னும் தந்தையும் மைந்தரும் ஆவர். மைந்தர் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இவர் 1892-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் நாள் ஆக்ஸ்போர்டில் பிறந்தார். தந்தையார் ஜான் ஸ்காட் ஹால்டேன் சுரங்கக் காற்றை ஆராய்ந்த பேரறிஞர். நம்மை மூச்சுவிடத் தூண்டுவது பெரும்பாலும் இரத்தத்திலுள்ள கரியமிலவாயுவே என்று 1905-இல் பிரீஸ்ட்லி என்பாருடன் கூடி நிறுவியவர் அவரே. ஆதலின் பிராணவாயு மட்டும் குறையுமிடத்து, துன்பம் தோன்றுமுன்னரே அறிவு மயங்கிவிடும்.

இவ்வுண்மையை மைந்தர் ஏட்டில் மட்டும் கற்றாரல்லர். சிறுவராயிருந்தபோது தந்தையார் இவரைச் சுரங்கமொன்றினுட் கொண்டு சென்று, எழுந்து நின்று ஷேக்ஸ்பியர் நாடகத்து அந்தோனியின் உரையை ஒப்பிக்குமாறு பணித்தார். மீத்தேன் காற்றினும் இலேசானதாகலின் மேற்புறத்தே நிறைந்து, பிராணவாயுவை விலக்கியிருந்தது. சிறுவர் விரைவில் மூச்சிரைத்துக் கால் தளர்ந்து வீழ்ந்தார். தரையருகே நற்காற்று இருந்தமையால் தெளிந்தெழுந்தார்.

இளமையில் இவ்வாறு இரைக்கும் ஆற்றலும் ஒரு காப்பே. முதுமையில் விலாக்கூடு இறுகும்; மூச்சை இழுக்கும் உதரவிதானம் வலி குன்றும்; பிராணவாயு குறைந்தவிடத்து மூச்சை விரைவுபடுத்தும் தூண்டுதலும் தணியும். ஆகவே முதியோர்க்கு இடர் மிகுதி, எச்சரிக்கையோ குறைவு.

1939-இல் தீட்டிஸ் என்னும் நீர்மூழ்கிக் கப்பல் அமிழ்ந்து 99 பேர் இறந்தனர். அப்போது ஹால்டேன் துணைவருடன் மூடிய அறையினுட் புகுந்து, கெட்ட காற்றை உயிர்த்துச் சோதித்தார். மிகுந்த அழுத்தத்தில் பிராணவாயுவே நஞ்சாதலையும் ஆராய்ந்தார். அச்சோதனைகளில் வலிப்புற்று முதுகெலும்பு ஊறுபட்டது, செவிப்பறையும் துளைபட்டது. பிறரை இடருக்கு அனுப்புமுன் தாமே இடருட் புகுதல் இவர் கொள்கை.

மரபியலிலும் பெரும்புகழ் எய்திய இவர், 1957-இல் கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிலையத்துக்கு வந்து, இந்நாட்டுக் குடிமகனாகி, பின்னர்ப் புவனேசுவரத்தில் வாழ்ந்து, 1964 டிசம்பர் 1-ஆம் நாள் தம் 72-ஆம் வயதில் மறைந்தார். அவர் விருப்பப்படி உடல் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு அளிக்கப்பட்டது.

காக்கிநாடாவின் கரையை அலைக்கும் வங்கக் கடலே கடலூர்க் கரையையும் அலைக்கின்றது. இளமையிற் சுரங்கத்தில் இடப்பெற்ற உடம்பு இறந்தபின்னும் மாணவர்க்குப் பாடமாயிற்று. கற்ற நாம் செய்யத்தக்கது சிறிதே: கிணற்றில் ஒருவர் இறங்குமுன் விளக்கை இறக்குமாறு கூறுவோமாக, வீழ்ந்தவரை மீட்க வெறுங்கையுடன் பாய்வாரைத் தடுத்து, நற்காற்றுக்கு வழிசெய்வோமாக.