சாம்பலை அளந்த அறிஞர்

கே-லுசாக்கின் பெயரை வாயு விதியோடு சேர்த்து நாமெல்லாம் நெட்டுருச் செய்திருக்கிறோம். இரசாயனம் பயிலும் எனக்கோ, பியூரெட்டைக் கையிலெடுக்கும் போதெல்லாம் அவர் நினைவு வருகிறது.

ஜோசப் லூயி கே-லுசாக் 1778 டிசம்பர் 6-ஆம் நாள் பிரான்சு நாட்டுச் சிற்றூர் ஒன்றில் பிறந்தார். புரட்சிக் காலத்தில் வழக்கறிஞரான தந்தை சிறைப்பட்டார். எனினும் மைந்தர் கல்வியைக் கைவிடவில்லை; பாரிஸ் சென்று எகோல் பாலிடெக்னிக்கில் பயின்றார். பெர்த்தொலே என்னும் பேரறிஞர் அவரைத் தம் உதவியாளராக ஏற்றுக்கொண்டார். 1804-இல் தன்னந்தனியே பலூனில் ஏறி, ஏறத்தாழ 7,000 மீட்டர் உயரத்தில் காற்றைக் குப்பியில் பிடித்து வந்தார். 1808-இல் பொட்டாசியம் வெடித்துக் கண்கள் புண்பட்டன. அதன்பின்னும் சோதனைச்சாலையை அவர் விட்டாரில்லை.

அந்நாளில் சோப்பும் கண்ணாடியும் செய்வோர் மரச்சாம்பலிலிருந்து எடுத்த பொட்டாஷை நம்பியிருந்தனர். எடை ஒன்றாயிருந்தாலும், வேறு உப்புக்கள் கலந்திருந்தால் காரம் குறையும். கண்ணால் பார்த்து இதை அறிய முடியுமா? வாங்கியவன் பாடு திண்டாட்டந்தான்.

தெக்ருவாசில் என்பவர் முன்னரே ஓர் அளவுக் குழாய் அமைத்திருந்தார். கே-லுசாக் இத்துறையைச் செம்மைப்படுத்தினார். பியூரெட், பிப்பெட் என்னும் பெயர்களை 1824-இல் தம் கட்டுரையில் வழங்கினார். 1828-இல் பொட்டாஷைச் சோதிக்கும் முறையை வெளியிட்டார். முறை எளியது. பொட்டாஷை நிறுத்து நீரில் கரைத்து, ஒரு பகுதியைப் பிப்பெட்டால் எடுத்து, லிட்மஸ் சேர்க்கவேண்டும். வலிமை தெரிந்த கந்தக அமிலத்தைப் பியூரெட்டிலிருந்து சிறிது சிறிதாக விடவேண்டும். முதலில் கரியமில வாயு கரைந்து நீலம் மங்கிய சிவப்பாகும். அதைக் கண்டு நிறுத்தலாகாது. காரம் முழுதும் தீர்ந்தபின் விழும் துளியே நல்ல சிவப்பைக் காட்டும். செலவான அமிலத்தின் அளவு காரத்தின் அளவைச் சொல்லிவிடும்.

1829-இல் நாணயசாலையின் தலைமைச் சோதகரானார். அங்கும் உலையில் உருக்கிப் பார்க்கும் பழைய முறைக்கு மாறாக, உப்புக் கரைசலால் வெள்ளியின் தரத்தை அளக்கும் வழியை 1832-இல் வகுத்தார். 1850 மே 9-ஆம் நாள் பாரிஸில் மறைந்தார்.

வான்மீது ஏறிய வீரத்தினும், சந்தைச் சாம்பலை அளந்த பொறுமையே பெரிதென்று எனக்குப் படுகிறது. விற்பவன் வாய்ச்சொல்லுக்கும் வாங்குபவன் ஐயத்துக்கும் நடுவே, யார் பக்கமும் சாயாத ஒரு துளியை அவர் நிறுத்தி வைத்தார். நண்பர்களே, நம் கையிலிருக்கும் கண்ணாடிக் குழாயின் பெருமை அதுதான்.