சாக்கு தைத்த சிறுமி கோல்ப் ராணியான கதை

1932-ம் ஆண்டு ஜூலை 16-ந் தேதி. அமெரிக்காவில் சிகாகோ நகரை அடுத்த இவான்ஸ்டன் என்ற ஊரில் பெண்களுக்கான தேசியத் தடகளப் போட்டி. சங்கம் சங்கமாக வீராங்கனைகள் மைதானத்துக்குள் வந்தார்கள். ஒரு சங்கத்தில் மட்டும் 22 பேர். டல்லாஸ் நகரின் இன்சூரன்ஸ் கம்பெனி அணி என்று அறிவித்ததும் ஒரே ஒரு பெண் கைகளை வீசிக்கொண்டு ஓடி வந்தார். அணி என்றால் அவர் ஒருவர்தான்!

8 போட்டிகளில் கலந்து கொண்டார். 5-ல் தனித்து முதலிடம். உயரம் தாண்டுவதில் இன்னொருவருடன் சமமாக முதலிடம். புள்ளிகளைக் கூட்டிப் பார்த்தபோது 22 பேர் கொண்ட சங்கத்துக்கு 22 புள்ளிகள். தனியாக வந்தவருக்கு 30. அந்த ஒரே ஆள் அணிக்குத்தான் முதல் பரிசு!

அந்தப் பெண்ணின் பெயர் மில்ட்ரெட் டிட்ரிக்சன். உலகம் அவரை பேப் என்று அழைத்தது. கம்பெனியில் அவருக்கு டைப்பிஸ்ட் வேலை. பின்னாளில் உலகம் கண்ட மிகச் சிறந்த பெண் கோல்ப் ஆட்டக்காரர்களில் ஒருவரானவர் இவர்தான்.

பிழைக்க வந்த குடும்பம்

நார்வே நாட்டிலிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்க வந்தவர்கள் பேப்பின் பெற்றோர். தந்தை ஓலே, தச்சர். தாய் ஹன்னா. டெக்சாஸ் மாநிலத்தின் போர்ட் ஆர்தர் துறைமுக நகரில் 1911-ம் ஆண்டு ஜூன் 26-ந் தேதி பேப் பிறந்தார். 7 குழந்தைகளில் ஆறாவது. பிறகு குடும்பம் அருகிலுள்ள போமான்ட் ஊருக்குக் குடியேறியது.

வீட்டில் வசதி கிடையாது. பள்ளிக்கூடம் விட்ட பிறகு உருளைக்கிழங்குச் சாக்கு தைக்கும் வேலைக்குப் போனார் பேப். ஒரு சாக்குக்குக் கூலி ஒரு சென்ட். தெருவிலிருந்த வீடுகளின் செடி வேலிகளை ஒவ்வொன்றாகத் தாண்டி ஓடுவதுதான் அவருடைய பயிற்சி. ஒரு வேலி மட்டும் மற்றவற்றைவிட உயரம். அதையும் அண்டை வீட்டுக்காரர் அளவாக வெட்டி விட்டார்.

டைப்பிஸ்ட் வேலை

1930-ல் டல்லாஸ் இன்சூரன்ஸ் கம்பெனி அவரை மாதம் 75 டாலர் சம்பளத்தில் சேர்த்துக்கொண்டது. கம்பெனிக்கு வேண்டியது அவருடைய டைப்பிங் அல்ல, கூடைப்பந்து. பணம் வாங்கிக்கொண்டு ஆடுகிறவர் அமெச்சூர் போட்டிகளில் சேரக் கூடாது என்பது அக்கால விதி. ஆகவே ஆபீஸ் வேலை கொடுத்து ஆட வைத்தார்கள். நம் நாட்டில் ரயில்வேயும் பாங்குகளும் விளையாட்டு வீரர்களுக்கு வேலை கொடுப்பதைப் போலத்தான். சம்பளத்தில் ஒரு பகுதியை பேப் வீட்டுக்கு அனுப்பி வந்தார்.

1932-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் வந்தது. பெண்கள் 3 போட்டிகளுக்கு மேல் கலந்து கொள்ளக் கூடாது என்று விதி. பேப் 3-லும் பதக்கம் வென்றார். ஈட்டி எறிதலிலும் 80 மீட்டர் தடை ஓட்டத்திலும் தங்கம். உயரம் தாண்டுவதில் முதலிடம் பெற்றவர் தாண்டிய அதே உயரத்தைத் தாண்டினார். ஆனால் தலை முந்திப் போகும் அவருடைய பாணி விதிக்குப் புறம்பு என்று கூறி வெள்ளிப் பதக்கம் கொடுத்தார்கள்.

புகழ் வந்தது, பணம் வரவில்லை. அதே ஆண்டில் ஒரு கார் விளம்பரத்தில் அவர் பெயர் வந்ததைக் காரணம் காட்டி அமெச்சூர் சங்கம் அவரை விலக்கி வைத்தது. பிறகு தடையை நீக்கினாலும், அவர் தொழில்முறையில் இறங்கிவிட்டார். மேடையேறி மவுத் ஆர்கன் வாசித்தார். தாடி வளர்த்த ஆண்களின் பேஸ்பால் அணியோடு ஊர் ஊராகப் போய்ப் பந்து எறிந்தார். ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர் வேடிக்கை காட்டுகிறார் என்று சிலர் ஏளனம் செய்தார்கள்.

கோல்ப் மைதானத்தில்

கோல்ப் பார்க்காதவர்களுக்கு ஒரு விளக்கம். எலுமிச்சம்பழம் அளவுள்ள பந்தை நீண்ட மட்டையால் அடித்து, தொலைவிலுள்ள குழியில் விழச் செய்ய வேண்டும். இப்படி 18 குழிகள். குறைந்த அடிகளில் முடிப்பவருக்கே வெற்றி. பரந்த புல்வெளி வேண்டும், கிளப்பில் உறுப்பினராக வேண்டும். அதனால் அன்று அது பணக்காரர்களின் ஆட்டம்.

அதில்தான் பேப் நுழைந்தார். கையில் தோல் உரிந்து ரத்தம் வரும்வரை பந்து அடிப்பார். பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு மீண்டும் அடிப்பார். 1935-ல் டெக்சாஸ் மாநிலப் பெண்கள் அமெச்சூர் பட்டத்தை வென்றார். தச்சன் மகள் தங்களோடு ஆடுவதா என்று கிளப்புகளில் முகம் சுளித்தவர்களும் உண்டு. அடுத்த சில வாரங்களிலேயே கோல்ப் சங்கம் தீர்ப்புச் சொன்னது. மற்ற விளையாட்டுகளில் பணம் வாங்கியவர், ஆகவே அமெச்சூர் ஆட்டங்களில் ஆடத் தகுதியில்லை என்றது. பணம் வாங்கி ஆடும் பெண்களுக்கோ அப்போது போட்டிகளே இல்லை என்று சொல்லலாம். இரண்டு கதவுகளும் சாத்தப்பட்டன.

1938-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஆண்களுக்கான போட்டியிலேயே போய் ஆடினார். தேறவில்லை. ஆனால் அங்கே அவரோடு சேர்ந்து ஆடிய மல்யுத்த வீரர் ஜார்ஜ் ஜாகரியாஸ், அந்த ஆண்டு டிசம்பரில் அவருக்குக் கணவரானார். ஜார்ஜிடம் பணம் இருந்தது. அந்தத் துணையால், ஆட்டத்தில் ஒரு காசும் வாங்காமல் 3 ஆண்டுகள் காத்திருக்க பேப்பால் முடிந்தது. 1943-ல் அமெச்சூர் தகுதி திரும்பக் கிடைத்தது.

தாயின் மரணம்

1945-ல் இண்டியானாபோலிஸ் நகரில் முக்கியமான போட்டி ஒன்றில் ஆடிக்கொண்டிருந்தபோது, தாய் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தது. போர்க்காலம். ஊருக்குப் போக விமானத்தில் இடம் கிடைக்கவில்லை. வெளியூரில் வேலை பார்ப்பவர்களுக்கு அந்தத் தவிப்பை விளக்க வேண்டியதில்லை. பேப் அழுதபடியே ஆட்டத்தைத் தொடர்ந்தார். பட்டத்தை வென்ற பிறகே ஊருக்குப் புறப்பட முடிந்தது.

1946-ல் அமெரிக்க அமெச்சூர் பட்டம். 1947-ல் ஸ்காட்லாந்தின் கல்லன் மைதானத்தில் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டம். அதை வென்ற முதல் அமெரிக்கப் பெண் அவர்தான். அதே ஆண்டில் மறுபடியும் தொழில்முறைக்கு மாறினார். 1950-ல் பெண்களுக்கான தொழில்முறை கோல்ப் சங்கம் பிறந்தது. அதைத் தொடங்கிய 13 பெண்களில் பேப் ஒருவர். கூட்டத்தை இழுத்தது அவர் பெயர்.

அவருக்கு வாய்த்துடுக்கு அதிகம். இரண்டாம் பரிசு யாருக்கு என்று சக ஆட்டக்காரர்களைப் பார்த்துக் கேலி பேசுவார். பலருக்கு அவரைப் பிடிக்காது. ஆனால் அவரைப் பார்க்க வந்த கூட்டத்தால்தான் தங்களுக்கும் பரிசுப்பணம் வருகிறது என்பது அவர்களுக்குத் தெரியும்.

நோயும் வெற்றியும்

1953-ல் பெருங்குடலில் புற்றுநோய் என்று தெரிந்தது. ஏப்ரலில் அறுவை சிகிச்சை நடந்தது. குடலின் ஒரு பகுதியை நீக்கி, வயிற்றில் துளையிட்டு, மலம் வெளியேற வழி செய்தார்கள். நோய் நிணநீர்க் கணுக்களிலும் பரவியிருந்தது. டாக்டர்கள் அதைக் கணவரிடமும், கூடவே இருந்து கவனித்த தோழி பெட்டி டாடிடமும் மட்டும் சொன்னார்கள். பேப்பிடம் மறைத்துவிட்டார்கள்.

சில மாதங்களிலேயே அவர் மைதானத்துக்குத் திரும்பினார். 1954-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அமெரிக்க ஓப்பன் போட்டி. கடைசி நாளில் மட்டும் 36 குழிகள் ஆட வேண்டும். வயிற்றில் பை கட்டிக்கொண்டு வெயிலில் நடந்து ஆடினார். 12 அடிகள் வித்தியாசத்தில் வென்றார். அப்போட்டியில் அது அவருக்கு மூன்றாவது பட்டம்.

புற்றுநோய் என்ற சொல்லையே வீட்டுக்குள் ரகசியமாகப் பேசிய காலம் அது. பேப் தமக்கு வந்த நோயை வெளிப்படையாகச் சொன்னார். புற்றுநோய் ஒழிப்புக்கு நிதி திரட்டினார். அவரைப் போல நோயுற்றவர்கள் அவரைப் பார்த்துத் தைரியம் பெற்றார்கள்.

1955-ல் நோய் திரும்பி வந்தது. கால்வெஸ்டன் ஆஸ்பத்திரி அறையின் மூலையில் கோல்ப் மட்டைகளை வைத்துக்கொண்டு, மீண்டும் ஆடும் நாளை எதிர்பார்த்திருந்தார். 1956 செப்டம்பர் 27-ந் தேதி காலமானார். வயது 45. ஜனாதிபதி ஐசனோவர் அன்று அனுதாபம் தெரிவித்தார். உடல் போமான்டில் அடக்கம் செய்யப்பட்டது. 2021-ல் அமெரிக்க அரசு, மறைந்த அவருக்கு நாட்டின் உயர்ந்த குடிமக்கள் விருதை வழங்கியது.

தொழில்முறையில் அவர் வென்ற பட்டங்கள் 41. ஆட்டத்துக்குக் கூலி வாங்குவது இழுக்கு என்று ஒரு காலத்தில் அவரை வெளியே நிறுத்தினார்கள். இன்று பல நாட்டுப் பெண்கள் கோல்ப் ஆடியே குடும்பத்தைக் காப்பாற்றுகிறார்கள். அவர்கள் ஆடுவது, சாக்கு தைத்த அந்தப் பெண் சேர்ந்து தொடங்கிய சங்கத்தின் போட்டிகளில்தான்.