ராக்கெட்டுக்கு முன்னாடி கலாம் செய்த 'நந்தி': ஓடிக் காட்டிய வாகனம் ஏன் நின்றது?

அப்துல் கலாம்னாலே ராக்கெட்டும் அக்னி ஏவுகணையும்தான் நினைவுக்கு வரும். ஆனா அவர் படிச்சது விமானப் பொறியியல். தலைமை ஏற்று அவர் முதலில் உருவாக்கிய வாகனமும் ராக்கெட் இல்லை.

அடகுக்குப் போன நகை

1931 அக்டோபர் 15-ல் ராமேஸ்வரத்தில் பிறந்தார் கலாம். அப்பா படகு வைத்திருந்தவர். ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளி, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியை முடித்ததும் சென்னை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. கட்டணம் சுமார் 1,000 ரூபாய். வீட்டில் அவ்வளவு பணம் இல்லை. அக்கா ஜொஹரா தன் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார்.

ஒரே இடத்தில் நழுவிய வேலை

விமானி ஆக ஆசைப்பட்டு, விமானப்படைத் தேர்வுக்காக டேராடூன் போனார். 25 பேரில் 8 பேருக்குத்தான் வாய்ப்பு. கலாமுக்குக் கிடைத்தது 9-வது இடம். 1958-ல் பாதுகாப்பு அமைச்சகத்தின் விமானத் தொழில்நுட்பப் பிரிவில் சேர்ந்தார்.

நந்தி என்ன ஆச்சு?

பெங்களூருவில் அவர் தலைமையில் ஒரு சின்னக் குழு, காற்று மெத்தையின் மேல் மிதந்து போகும் ஹோவர்கிராஃப்டை உருவாக்கியது. பெயர் நந்தி. பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனை ஏற்றிக்கொண்டு கலாமே ஓட்டிக் காட்டினார். 1962 போரை ஒட்டி மேனன் பதவி விலகினார். அதற்குப் பிறகு நந்தியை ஆதரிக்க ஆள் இல்லை. திட்டம் கைவிடப்பட்டது.

ஆனா நந்தியைப் பார்த்த விஞ்ஞானி எம்.ஜி.கே.மேனன் வழியாகத்தான் கலாமுக்கு விண்வெளித் துறையின் கதவு திறந்தது. 1980 ஜூலை 18-ல் எஸ்.எல்.வி.-3 ராக்கெட், ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது.

பயணிகள் ஜெட் கனவு

விமான ஆசை மட்டும் விடவில்லை. குடியரசுத் தலைவராக இருந்தபோது, 2006-ல், 74 வயதில் சுகோய் போர் விமானத்தில் பறந்தார். சிறிய பயணிகள் ஜெட்டை இந்தியாவே வடிவமைக்கணும்னும் வலியுறுத்தினார்.

பிரேசில் இதைச் செய்து காட்டியது. 1969-ல் அரசு நிறுவனமாகத் தொடங்கிய எம்பிரேயரின் விமானங்களை முதலில் அந்நாட்டு விமானப்படையே வாங்கியது. அந்தப் பலத்தில் வளர்ந்த நிறுவனம், பின்னாளில் குறைந்த தூர ஜெட் விமானங்களை 1,000-க்கும் மேல் விற்றது. இந்தியாவில் 2004-ல் முதன்முதலாகப் பறந்த 14 இருக்கை சரஸ், 2009 சோதனை விபத்தில் 3 பேர் உயிரிழந்த பிறகு முடங்கியது. இன்னும் பயணிகள் சேவைக்கு வரவில்லை.

செய்யத் தெரிந்தால் மட்டும் போதாது, முதல் ஆளாக வாங்க அரசும் முன்வரணும். நந்திக்கு அது அமையவில்லை.

2015 ஜூலை 27-ல் மறைந்த கலாம், ராமேஸ்வரம் பேக்கரும்பில் அடக்கம் செய்யப்பட்டார். பாம்பன் பாலத்துக்கு அந்தப் பக்கம், மண்டபத்தில் கடலோரக் காவல் படையின் ஹோவர்கிராஃப்ட்கள் நிற்கின்றன. அவை பிரிட்டன் நிறுவனத்தின் வடிவமைப்பு.