இமயமலையின் கொண்டை ஊசி வளைவு: பாறை மடிப்புகளை வாசித்த டி.என்.வாடியாவின் கதை

திண்டிவனம் பக்கத்தில் உள்ள ஓமந்தூரும், கல்மரங்களுக்குப் பெயர்பெற்ற திருவக்கரையும் ஒரே விழுப்புரம் மாவட்டம்தான். திருவக்கரையில் மணற்கல் அடுக்குகள் கிட்டத்தட்ட படுத்த வாக்கிலேயே கிடக்கின்றன. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன்பு தண்ணீர் அடித்துக்கொண்டு வந்து சேர்த்த மணல் அது. ஆனால், வடக்கே ஜம்மு பக்கம் போனால் கதையே வேறு. அங்கே இதைவிட வயது குறைந்த மணற்கல் அடுக்குகள்கூட மடிந்தும் சரிந்தும் நிற்கின்றன.

இரண்டுமே மணற்கல்தான். அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்? இந்தக் கேள்வியைத் தன் காலாலேயே நடந்து ஆராய்ந்தவர் டி.என்.வாடியா.

லீவு விட்டால் மலைக்கு!

தாராஷா நௌஷெர்வான் வாடியா 1883-ல் சூரத்தில் பிறந்தார். கல்லூரிப் படிப்பு பரோடாவில். 1907-ல் ஜம்முவில் உள்ள பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் கல்லூரியில் ஆசிரியர் வேலை கிடைத்தது. கல்லூரிக்கு வெளியே வந்தாலே சிவாலிக் மலைகள். விடுமுறை விட்டால் சுத்தியலோடு கிளம்பிவிடுவார். அப்படி அலைந்தபோதுதான் ஸ்டெகோடான் என்ற பழங்கால யானையின் மண்டையோட்டுப் பகுதியும், சுமார் 3 மீட்டர் நீளத் தந்தமும் அவருக்குக் கிடைத்தன.

மாணவர்களுக்குப் பாடம் நடத்தச் சரியான புத்தகம் இல்லை என்ற குறையை, 1919-ல் இந்திய நிலவியல் பற்றி அவரே ஒரு நூல் எழுதித் தீர்த்தார். பல தலைமுறை மாணவர்கள் அதைப் படித்தார்கள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் அவர் சேர்ந்தது 1921-ல். அப்போது வயது 38. பலர் ஒரே வேலையில் செட்டிலாகிவிடும் வயதில், அவர் காஷ்மீர் மலைகளை அளக்கப் புறப்பட்டார்.

கல் எப்படி மடியும்?

கல்லை அடித்தால் உடையும். மடியுமா? மடியும், ஆனால் அவசரப்படக் கூடாது. பூமிக்குள் சில கிலோமீட்டர் ஆழத்தில் வெப்பம் அதிகம். மேலே கிடக்கும் பாறைகளின் சுமையும் நாலாபுறமும் அழுத்தும். அந்த நிலையில் பக்கவாட்டிலிருந்து பல லட்சம் ஆண்டுகள் மெதுவாக நெருக்கினால், பாறை உடையாமல் வளைந்துகொடுக்கும்.

அடுக்குகளாக இருப்பது இதற்கு இன்னும் வசதி. ஒரு நோட்டுப் புத்தகத்தை வளைத்தால் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று நழுவும் இல்லையா? படிவுப் பாறை அடுக்குகளும் அப்படித்தான் நழுவி வளைகின்றன. சுண்ணாம்புக்கல், மணற்கல் போன்ற கெட்டியான அடுக்குகள் அகலமாக வளையும். இடையில் இருக்கும் மென்மையான களிப்பாறை பிதுங்கி இடைவெளியை நிரப்பும். மேல்நோக்கி எழும்பினால் மேல் வளைவு, கீழே இறங்கினால் கீழ் வளைவு. நெருக்கடி தாங்காத இடத்தில் அடுக்கு அறுந்து, ஒரு பகுதி இன்னொன்றின் மேல் ஏறிவிடும்.

இதில் ஒரு முக்கியமான க்ளூ இருக்கிறது. மடிப்பின் நீளவாக்கு பொதுவாக அழுத்தம் வரும் திசைக்குக் குறுக்காக அமையும். அதனால் மடிப்பைப் பார்த்தே, தள்ளு எந்தப் பக்கம் வந்தது என்று கணிக்கலாம்.

பாய்க்கு நடுவே ஓர் அம்மி

வாடியா அளந்த இடத்தில்தான் சிக்கல். தென்கிழக்கிலிருந்து நீண்டு வரும் மலைத்தொடர், காஷ்மீரின் மேற்கே முசாஃபராபாத் பக்கம் சட்டென்று திரும்பித் தெற்கே இறங்குகிறது. ஊட்டி மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவு மாதிரி. அங்கே இரண்டு தனித்தனி மலைத்தொடர்கள் சந்திக்கின்றனவா, அல்லது ஒரே தொடர்தான் வளைகிறதா?

வளைவின் இரு பக்கமும் நடந்து, ஒவ்வோர் இடத்திலும் அடுக்குகள் எந்தத் திசையில் ஓடுகின்றன, எவ்வளவு சரிகின்றன என்று குறித்தார். இரு பக்கமும் அதே பாறைகள், அதே வரிசை. ஒரே தொடர்தான் வளைந்திருக்கிறது என்று 1931-ல் வெளியான ஆய்வில் விளக்கினார்.

வளைத்தது எது? தரையில் பாயைச் சுவரோடு சேர்த்துத் தள்ளினால் நேர்நேராக மடிப்பு விழும். நடுவில் ஓர் அம்மி கிடந்தால், மடிப்பு அதைச் சுற்றித்தான் வளையும். பஞ்சாப் சமவெளிக்கு அடியில், தென்னிந்தியப் பீடபூமியைச் சேர்ந்த பழம்பாறை ஒரு நாக்கு போல வடக்கே நீட்டிக்கொண்டிருக்கிறது. மென்மையான படிவுகள் அதில் மோதி வளைந்தன என்றார் வாடியா.

ஓமந்தூரில் ஏன் மடியவில்லை?

விடை இங்கேதான் இருக்கிறது. விழுப்புரம் மாவட்டத்தின் அடித்தளமும் அந்தப் பழம்பாறைக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அந்தப் பாறைகளும் ஒரு காலத்தில், பூமியின் ஆழத்தில் கொதிக்கும் வெப்பத்தில் மடிந்தவைதான். ஆனால் அது திருவக்கரை மணல் படிவதற்குப் பல நூறு கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கதை. அதன் பிறகு இறுகிவிட்டன. அந்த இறுகிய தளத்தின் மேல், தட்டுகள் மோதும் எல்லையிலிருந்து வெகுதூரத்தில் கிடப்பதால் திருவக்கரை அடுக்குகள் கசங்கவில்லை.

1938-ல் இலங்கைக்கு அரசு கனிமவியலாளராகப் போன வாடியா, அங்கேயும் இதே மாதிரி பழம்பாறையைத்தான் பார்த்தார். மலைநாடு மடிந்து உயர்ந்ததல்ல, பெரும் பாறைத் தொகுதியாக மேலெழும்பியது என்று வாதிட்டார்.

கணக்கு இன்னும் முடியவில்லை

புவித்தட்டுக் கோட்பாடு 1960-களில்தான் வலுப்பெற்றது. இந்தியத் தட்டே வடக்கு நோக்கி நகர்ந்து, சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஆசியாவோடு மோதியது என்று அது விளக்கியது. இன்றும் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்ந்துகொண்டேதான் இருக்கிறது. பின்வந்த ஆய்வுகள் வாடியாவின் விளக்கத்தில் திருத்தங்கள் செய்தாலும், அவர் வரைந்த அந்த வளைவு நிலவியல் வரைபடங்களில் நிலைத்துவிட்டது.

1957-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. அடுத்த ஆண்டு பத்மபூஷண். 1969-ல் அவர் காலமானார். டேராடூனில் உள்ள இமயமலை நிலவியல் ஆய்வு நிறுவனம் இன்று அவர் பெயரில்தான் இயங்குகிறது.

2005 அக்டோபர் 8 அன்று முசாஃபராபாத் அருகே 7.6 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டது. 70,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அது மையம் கொண்டது, வாடியா நடந்து நடந்து அளந்த அதே வளைவில். மெதுவாக வந்தால் பாறையை மடிக்கும் அழுத்தம், தேங்கி நின்று ஒரே நொடியில் விடுபட்டால் ஊரையே சாய்த்துவிடும். அது எங்கே தேங்குகிறது என்று தேடுகிறவர்களுக்கு, மடிப்புகளின் வரைபடம்தான் முதல் துணை.